அப்பாவின் கணக்கு நோட்டை அப்பாவிடமே கொடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 58 வயது, 20 வருடமாகச் சர்க்கரை, டயாலிசிஸ் தொடங்கி ஐந்து மாதம். வாரம் மூன்று நாள் மெஷின். உடுமலையில் அவர் நடத்திய மளிகைக் கடையை இப்போது சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். நீங்கள் பெங்களூரில் இருந்து மாதம் இரண்டு தடவை வந்து போகிறீர்கள். அப்பா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், தண்ணீருக்காக அம்மாவோடு தினமும் சண்டை, இரண்டொரு தடவை "என்னை விட்டுடுங்க, போதும்" என்றும் சொல்லியிருக்கிறார். "பாசிட்டிவா இருங்கப்பா" என்று நீங்கள் ஆரம்பித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரை எப்படி உற்சாகமாக வைத்திருப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு கிட்னியும் போய் 11 வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி முதல் ஷிப்டில் மெஷினில் படுத்திருப்பேன். இத்தனை வருடத்தில் பக்கத்துக் கட்டிலில் எத்தனையோ அப்பாக்களையும், வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எத்தனையோ மகன்களையும் பார்த்தாயிற்று. மருந்து, டோஸ் விஷயத்துக்கு உங்கள் டாக்டர் இருக்கிறார். மற்றதைச் சொல்கிறேன்.

அந்தப் 'பாசிட்டிவ்' என்ற வார்த்தைக்குக் கொஞ்ச நாள் லீவு கொடுங்கள். முதல் வருடம் என்னைப் பார்க்க வராத சொந்தக்காரர் இல்லை. ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், இன்னொரு கையில் இளநீர். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், எனக்கு ஆகாது. வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உட்காருவேன். "உங்களுக்கென்ன மச்சான், சிங்கமாட்ட இருக்கறீங்க. மனசைத் தளர உட்றாதீங்க, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்பார்கள். சரியாகப் போகாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் சிரித்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறன்" என்று சொன்னால்தான் அவர்கள் நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். பார்க்க வந்தவரைத் தேற்றி அனுப்பும் வேலை நோயாளி தலையில் விழுந்துவிடுகிறது. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து வந்தவனுக்கு அது ஓவர்டைம். உங்கள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதை உங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பெத்த பையன்கிட்டயும் நடிச்சுக் காட்டணுமா' என்கிற அலுப்பாக இருக்கலாம்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மனம் தைரியமாக இருந்தால் நோய் ஓடிவிடும் என்றால், ஓடாத நோய்க்கு யார் காரணம்? நம் தைரியம் போதவில்லை என்றுதானே ஆகிறது? புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரைக் கவனித்து, ஜேம்ஸ் கோய்ன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனம் தெம்பாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழ்ந்ததாக அதில் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. ஒருநாள் அழுதால் ஆயுள் குறைந்துவிடாது, அப்படியென்றால் அழுதுகொள்ளலாம். மனம் சரியாக இருந்தால் மாத்திரையைத் தவறவிட மாட்டோம், மெஷினுக்கு மட்டம் போட மாட்டோம், அந்த வகையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது வேறு கணக்கு.

சரி, எரிச்சலுக்கு வருவோம். பட்டறையில் லேத் கரகரவென்று சத்தம் போட்டால், 'இதுக்கு மனசு சரியில்லை' என்றா சொல்வோம்? பேரிங்கா, பெல்ட்டா என்று கழற்றிப் பார்ப்போம். டயாலிசிஸ்காரர் எரிந்து விழுந்தாலும் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் 'குணம் மாறிப்போச்சு' என்று சொல்லப்படுவதில் பாதி, உடம்பு கொடுக்கும் தொந்தரவு.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் இதை முதலில் சொல்கிறேன். கிட்னி நன்றாக இருக்கும்போது இன்சுலினில் ஒரு பங்கை அதுதான் கழித்துவிடும். அது படுத்துவிட்டால், போட்ட ஊசி உடம்பில் அதிக நேரம் வேலை செய்யும். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் சுகர் தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், அதோடு காரணமே இல்லாத கோபம். எங்கள் ஷிப்டில் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். மூன்றாவது மணி நேரத்தில் யாரையாவது பிடித்துத் திட்ட ஆரம்பித்துவிடுவார். 'அவர் சுபாவம் அப்படி' என்று எல்லோரும் விட்டுவிட்டோம். புதிதாக வந்த ஒரு சிஸ்டர், திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்தார். சுகர் 52. டாக்டர் இன்சுலினைக் குறைத்தார். மனிதர் இப்போதும் திட்டுவார், ஆனால் காரணத்தோடு. அப்பா கத்தத் தொடங்கும் நேரத்தில் ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், சர்க்கரையோ குளுக்கோஸோ போதும்.

அடுத்தது அரிப்பு. இதை நோயாளிகள் டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள், சின்ன விஷயம் என்று நினைத்துக்கொண்டு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தலை சீவும் சீப்பை எடுத்து முதுகில் இழுத்துக்கொண்டிருந்தவன் நான். பாஸ்பரஸ் ஏறினால் அரிப்பு கூடும். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டிய, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பிரயோஜனம் இல்லை. அரிப்புக்கென்றே மருந்தும் இருக்கிறது, கேட்டால்தான் எழுதுவார்கள். அப்புறம், படுத்தால் கால் சும்மா இருக்காது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும், அதற்கும் வைத்தியம் உண்டு. ரத்தம் ஊறுவதற்கான ஹார்மோனைச் சுரப்பதும் கிட்னிதான் என்பதால், அந்த ஹார்மோன் ஊசி போடாவிட்டால் ஹீமோகுளோபின் சரிந்துகொண்டே போகும். ஹீமோகுளோபின் 7-ல் இருக்கிற மனிதரிடம் 'கொஞ்சம் சுறுசுறுப்பா இருங்களேன்' என்று சொல்வது, பெட்ரோல் இல்லாத வண்டியை உதைப்பது மாதிரி. நீங்கள் பெங்களூரில் இருந்தபடியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பாவிடம் "எப்படி இருக்கீங்க" என்று கேட்காமல், "நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, அரிப்பு எங்கே, மெஷின்ல கால் இழுத்துச்சா" என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று. மெஷின் முடிந்த அன்று சாயங்காலம் எந்த முக்கியமான பேச்சும் வேண்டாம். துணியைப் பிழிந்து போட்ட மாதிரி இருக்கும். ஆரோக்கியமான கிட்னி வாரத்தில் 168 மணி நேரமும் ஓய்வில்லாமல் செய்கிற வேலையை, மெஷின் 12 மணி நேரத்தில் அவசர அவசரமாகச் செய்து முடிக்கிறது. அந்த அவசரத்தின் களைப்புதான் அது. பேச வேண்டியதை மறுநாள் காலையில் பேசுங்கள்.

இப்போது தண்ணீர். இதைச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது.

எனக்குச் சிறுநீர் சுத்தமாக நின்று எட்டு வருடம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். காலைக் காபி, மத்தியான ரசம், மோர், மாத்திரை விழுங்கக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இத்தனைக்கும், மெஷினில் சவ்வுக்கு ஒரு பக்கம் என் ரத்தம் ஓடும்போது மறுபக்கம் நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மணி நேரத்தில் 120 லிட்டர். என் தலைமாட்டில் 120 லிட்டர் ஓடிச் சாக்கடைக்குப் போகும், நான் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு படுத்திருப்பேன். தாகம் என்றால் உங்களுக்குத் தெரிந்த தாகம் இல்லை, தம்பி. பஸ்ஸில் யாராவது பாட்டில் மூடியைத் திருகினால் அந்தச் சத்தம் காதில் விழும்.

முதல் வருடம் எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான். என் மனைவி சொம்பை எண்ணிக்கொண்டிருப்பாள், நான் பாத்ரூம் குழாயில் கை ஏந்திக் குடிப்பேன். அடுத்த நாள் எடை மூன்றரை கிலோ ஏறியிருக்கும். ஒரு லிட்டர் உள்ளே போனால் எடை ஒரு கிலோ, பொய் சொல்ல வழியில்லை. அவ்வளவையும் நாலு மணி நேரத்தில் இழுத்தால் பி.பி. இறங்கும், கெண்டைக்கால் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஒருநாள் நடு ராத்திரி விழிப்பு வந்தது. அடுக்களையில் விளக்கு இல்லை. மடக் மடக் என்று சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய் விளக்கைப் போட்டேன். சொம்பும் கையுமாக என் மனைவி நின்றிருந்தாள். நான் பார்க்கும்படி தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்து மூன்று மாதமாக இருட்டில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பகலில் நான் பட்டறைக்குப் போன பிறகுதானாம். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "இங்க வந்து உக்காந்து குடி" என்றேன். அவள் குடித்தாள். நான் என் பங்கில் ஒரு மடக்கு எடுத்துக் குடித்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் சொம்பை யாரும் எண்ணுவதில்லை.

எண்ணுவது என் வேலையாகிவிட்டது. காலையில் முக்கால் லிட்டரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிடுவேன். காபி குடித்தால் அந்த அளவுத் தண்ணீரைப் பாட்டிலில் இருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். மிச்சம் எவ்வளவு என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். பத்து மைக்ரான் அளவுக்கு வேலை செய்கிறவனுக்கு இது பிடித்துப்போனது. உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க எடை போட்டவர், அவருக்கும் பிடிக்கலாம். பாட்டிலை அவரே பிடிக்க வேண்டும், அம்மா பிடித்துக் கொடுக்கக் கூடாது. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது, தண்ணீரால் கொப்பளித்துத் துப்புவது, சின்ன டம்ளருக்கு மாறுவது எல்லாம் உதவும். ஆனால் தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரி மிக்சர் இவற்றை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது. சுகர் ஏறினாலும் தாகம் எடுக்கும். கடைக்காரர் வீடு என்பதால் ஒரு எச்சரிக்கை: பாக்கெட்டில் 'லோ சோடியம்' என்று போட்ட உப்பு வேண்டவே வேண்டாம். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். வெறும் பி.பி. உள்ளவருக்கு நல்லது, நமக்கு அது இதயத்தையே நிறுத்திவிடலாம்.

கடை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'டென்ஷன் ஆகக்கூடாது என்று கடைக் கணக்கு எதையும் அவரிடம் சொல்வதில்லை.' எனக்கு அந்த வரியில்தான் உங்கள் அப்பாவின் முழுக் கோபமும் தெரிந்தது. முப்பது வருடம் கடை நடத்திய மனிதர். யார் கடன் சொல்வார், யார் கொடுப்பார், எந்த வாரம் துவரம் பருப்பு ஏறும் என்று தலைக்குள் வைத்திருந்தவர். அவரிடம் இப்போது கேட்கப்படும் ஒரே கேள்வி 'மாத்திரை போட்டீங்களா'. கிட்னியை நோய் எடுத்துக்கொண்டது. கடையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான், தெரியும். என் மகனும் அதைத்தான் செய்தான்.

டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்றாவது மாதம், என்னைக் கேட்காமல் ஒரு பழைய லேத்தை விலை பேசிவிட்டான். அந்த வாரம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அப்புறம் அந்த மெஷின் பட்டறையிலேயே நின்றது. நான் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மெஷினுக்கு ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையால் வெயிட் தூக்கக் கூடாது, அதனால் ஜாப்பை மாட்டுவதும் கழற்றுவதும் பையன்கள். டிராயிங் பார்ப்பது, டூல் பிட் தீட்டுவது, விலை சொல்வது நான். மெஷின் இல்லாத நாட்களில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், அவ்வளவுதான். அந்த மூன்று மணி நேரத்தில் என்னை யாரும் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்க மாட்டார்கள். 'அண்ணா, இது டேப்பர் அடிக்குது, வந்து பாருங்க' என்பார்கள். எனக்குக் கிடைத்த பெரிய மருந்து அது.

இந்த வைத்தியத்தின் ஆரம்பத்திலேயே எங்கள் தொழில்காரர் ஒருவர் இருந்தார் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1960-க்கு முன்பு, டயாலிசிஸ் என்பது திடீரென்று கிட்னி நின்று சில நாளில் தானாகத் தேறக்கூடியவர்களுக்கு மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக் குழாயைக் கெடுக்க வேண்டியிருந்ததால் நிரந்தர நோயாளிக்கு வழியில்லை. அமெரிக்காவில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், கையிலேயே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயை 1960 மார்ச்சில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். நோயாளி பெயர் கிளைட் ஷீல்ட்ஸ். மெஷினிஸ்ட். 11 வருடம் இருந்தார், 1971-ல் இறந்தார். நம் கையில் இப்போது வைக்கும் ஃபிஸ்டுலா 1966-ல்தான் வந்தது. என் கையில் விரலை வைத்துப் பார்த்தால், மடியில் படுத்த பூனை உறுமுவது மாதிரி ஒரு அதிர்வு தெரியும். 'த்ரில்' என்பார்கள். காலையில் கண் விழித்ததும் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பதுதான். உங்கள் அப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது நின்றால் அன்றே ஓட வேண்டும். அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ஊசி குத்தவோ விடக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது. இந்த ஆண்டோடு எனக்கும் 11 வருடம். ஷீல்ட்ஸைத் தாண்டினால் பையன்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

எனவே, சித்தப்பா கடையை நடத்தட்டும், ஆனால் ராத்திரி கணக்கு நோட்டு அப்பா கைக்குப் போக வேண்டும். கொள்முதல் போனை அவர் பேசட்டும். தப்பாகப் போனால் போகட்டும், நஷ்டம் வந்தால் வரட்டும். டென்ஷன் ஆவாரா என்றால், ஆவார். கடை டென்ஷன் அவருக்குப் பழகிய டென்ஷன்.

"என்னை விட்டுடுங்க" என்று சொன்னதைப் பற்றி. எங்கள் யூனிட்டில் சில நாள் காலையில் போனால் ஒரு கட்டில் காலியாக இருக்கும். புது விரிப்பு போட்டிருப்பார்கள். கேட்டால், "வேற ஷிப்ட் மாறிட்டாருங்க" என்பார்கள். எங்களுக்குத் தெரியும். யாரும் மேலே கேட்க மாட்டோம், அன்றைக்கு டி.வி. சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஐந்து மாதத்தில் உங்கள் அப்பா அப்படி ஒரு கட்டிலையாவது பார்த்திருப்பார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால் "அதையெல்லாம் நினைக்காதீங்க" என்பீர்கள் என்று சொல்லாமல் இருப்பார். அதனால் அடுத்த முறை "விட்டுடுங்க" என்றால், "அப்படிப் பேசாதீங்கப்பா" என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எதுப்பா போதும்னு தோணுது? ஊசியா, தண்ணியா, செலவா? இல்ல, வாழ்றதே வேண்டாம்னு தோணுதா? சாகணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும் செலவு, உங்களுக்குப் பாரமாக இருக்கிறோமே என்கிற கூச்சம் இவைதான் வெளியே வரும். ஆனால் சாப்பாட்டில், டி.வி.யில், பேரன் பேத்தியில் எதிலுமே பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அல்லது சாவைப் பற்றியே பேசினால், அது அலுப்பு இல்லை, மனச்சோர்வு நோய். டயாலிசிஸில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது வருகிறது. அதற்கு மருந்து உண்டு. கிட்னி டாக்டரிடம் சொல்லி மனநல டாக்டரைப் பாருங்கள், மருந்து அளவை இரண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ராத்திரி நேரத்தில் பயமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், காசில்லை. மாத்திரை டப்பா, இன்சுலின் இரண்டும் அன்றைக்கு அம்மா வசம் இருக்கட்டும், தனியாக விடாதீர்கள். எனக்கும் நாலாவது வருடம் வந்தது. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை, அது என் முட்டாள்தனம்.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது ஒரே வரி. வீட்டில் இரண்டு சமையல் நடக்கிறது தெரியுமா? அப்பாவுக்கு உருளைக்கிழங்கோ கேரட்டோ செய்தால், சின்னதாக நறுக்கி, பொட்டாசியம் இறங்கும்படி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அப்புறம் தாளிக்க வேண்டும். அதில் ருசி ஏது? அதைச் செய்து தட்டில் வைத்து, 'என்ன இது சப்புன்னு' என்று திட்டும் வாங்க வேண்டும். நீங்கள் வரும் இரண்டு சனிக்கிழமைகளில் அப்பாவோடு யூனிட்டுக்கு நீங்கள் போங்கள். அம்மா அன்று கோயிலுக்கோ அக்கா வீட்டுக்கோ போகட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். 'அம்மா பாவம்' என்று போனில் சொல்வதைவிட அந்த ஐந்து மணி நேரம் பெரிது.

சொந்தக்காரர்கள் வாழைத்தண்டுச் சாறு, மூலிகைக் கஷாயம், 'டயாலிசிஸே தேவையில்லை' என்ற வீடியோ எல்லாம் அனுப்புவார்கள். எதிர்க் கட்டிலில் ஒருவர் அப்படி ஒரு கஷாயத்தை நம்பி இரண்டு மெஷினைத் தவறவிட்டார், மூன்றாவதற்கு வரவில்லை. அந்தச் சொந்தங்களோடு சண்டை போடும் வேலையை அப்பா மேல் விடாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு விஷயம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் வரும். உங்கள் சம்பளத்தில் அது பொருந்தாமல் போகலாம், ஆனாலும் ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விசாரியுங்கள். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது. அதற்கான திரவப் பைகளை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு அது ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மாற்றுக் கிட்னிக்குப் பதிவு செய்யவில்லை என்றால் அதையும் கேளுங்கள். கிடைத்தால் சந்தோஷம். போன் வருமா வருமா என்று நானும் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பெங்களூரில் வீடு எடுத்து ஒரு வருடம் ஆகிறது, அப்பா இன்னும் பார்க்கவில்லை, 'இந்த நிலைமையில் எப்படிக் கூட்டி வருவது' என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கூட்டி வரலாம். ஐந்தாவது வருடம் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் திருநெல்வேலிக்குப் போனேன். புதன் ராத்திரி ரயில், வியாழன் காலை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின், வெள்ளிக்கிழமை முகூர்த்தம், சனிக்கிழமை மறுபடி அங்கேயே மெஷின், ராத்திரி ரயில். பந்தியில் பாயசத்தை இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டேன். மேடையில் எடுத்த போட்டோவில் கையில் பிளாஸ்திரி தெரிகிறது, மற்றபடி மாப்பிள்ளையைவிட நான்தான் நன்றாக இருக்கிறேன் என்று அக்கா சொல்வாள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டயாலிசிஸ் சென்டருக்கு நேரில் போய், வெளியூர் நோயாளிக்கு ஒரு வாரம் ஷிப்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்று டெஸ்டும் சமீபத்தில் எடுத்த ரிப்போர்ட்டாகக் கேட்பார்கள். அதோடு கடைசி மூன்று டயாலிசிஸ் சார்ட், ட்ரை வெயிட் (அதிக நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), என்ன டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்), ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் எவ்வளவு என்று உடுமலை யூனிட்டில் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். தேதியை நீங்களே முடிவு செய்யாதீர்கள். தீபாவளிச் சரக்கு கடையில் இறங்குகிற வாரமாகப் பார்த்து டிக்கெட் போட்டால் அப்பா நிச்சயம் வர மாட்டார். எந்த வாரம் தோது என்று அவரையே கேளுங்கள்.